செல்விக்கு ஆற்றிய காபி

வியாழன், இரவு.

செல்விக்குப் பிறவி நோய். கல்லீரலில் சேரும் சர்க்கரை ரத்தத்தில் இறங்காது. பழத்தின் இனிப்பும் அங்கேயே தேங்கிவிடும் என்பதால், அவள் அப்பா குற்றாலத்தில் விற்கும் பழத்தைக்கூட அவள் தின்னக் கூடாது. இன்று அவர் அவளுக்குக் காபி ஆற்றினார். பதறிப்போய்த் தடுத்தேன்.

“இதே நோய் உள்ள எலிக்குக் காஃபின் கொடுத்தாங்களாம். ஈரல் தேறுதுன்னு போன்ல போட்டிருக்குடி” என்றார்.

தென்காசி டாக்டரைப் போனில் கேட்டேன். “எலியில பாத்ததை வச்சுப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. எப்பவும் போல மக்காச்சோள மாவையே நேரத்துக்குக் கரைச்சுக் கொடுங்க” என்றார்.

செல்வி அப்பாவின் முகம் வாடிவிட்டது. ஆங்கிலம் தெரியாத மனிதர், ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் தேடிப் படித்திருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

செல்வி கேட்டாள்: “எப்பா, அந்த எலி இப்ப விளையாடுதா?”

“விளையாடுதும்மா” என்றார்.

அவருக்கு எப்படித் தெரியும்? நானும் ஆமாம் என்றேன்.