குரோட்டன்ஸ் நுனிய யாரு கிள்ளினது

பாப்பா, எப்படியிருக்கே, சாப்பிட்டியா, இல்ல இதப் படிச்சிட்டுத்தான் அடுப்படிப் பக்கம் போவியா. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கோம். போன்ல சொன்னா நீ சிரிச்சே மழுப்பிடுறே, அதான் எழுதுறேன், முடிச்சதும் எதிர்வீட்டுத் தையக்காரர் போட்டோ புடிச்சு உனக்கு அனுப்பிடறேன்னிருக்கார். அவருக்கு இப்ப மூக்குக்கண்ணாடி வந்தாச்சு, ஆனாலும் என் சட்டைக்குக் கை ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டை, அத விடு.

நீ ஊருக்குப் போறப்ப ஈரத்துணியில சுத்தி எடுத்துட்டுப் போனியே, நம்ம வாசல் குரோட்டன்ஸ் குச்சி, அதப் பத்தித்தான். போன தடவ கெளை விடட்டும்னு நான் இங்க கீழ் இடப்பக்க நுனியக் கிள்ளினேன், அன்னிக்கே உன் ரூம்ல அந்தக் குச்சி வேர் புடிச்ச தொட்டிச் செடியிலயும் அதே நுனி போயிருந்துச்சுன்னு சொன்னே. தையக்காரர்கிட்ட சொன்னேன், அப்ப பொண்ணுக்குத் தோட்டக்காரன் வேண்டாம்யா, இங்கேர்ந்தே பாத்துக்கன்னு கிண்டல் பண்ணினார். நானும் சிரிச்சேன், ஆனா அதுக்கப்புறம் கை வைக்கல.

இந்த மழை விட்டு வெயில் வந்ததும் கொழுந்து விட்டுச்சு பாரு, கண்ணு, நீ பாத்திருக்கணும், மொதல்ல வெளுத்த ரோஸு, ரெண்டு நாள்ல ஓரம் மட்டும் மஞ்சள், வெயிலுக்கு நேரா நின்னா இலைக்குள்ள நரம்பு ஒண்ணு விடாம தெரியுது. அம்மாகூட இலைப் பைத்தியம்னு என்னைத் திட்டிக்கிட்டே பக்கத்துல வந்து நின்னா. செவ்வாய்க்கெழம காலைல பாத்தா கீழ் நுனி மூணு காணோம், கிள்ளின எடத்துல பால் இன்னும் காயல. அம்மா தொடமாட்டா, பால் பட்டா பொடவைக்குக் கறை. அங்க நீதான் கிள்ளினியோன்னு போன்ல கேட்டா, இங்கயும் போயிருக்கு, நீங்கதான்னு நெனச்சேங்கறே. பூட்டின ரூம்னும் சொல்றே. நீயும் கிள்ளல, நானும் கிள்ளல. நகம் பட்ட தடத்தப் பாத்தேன், என் நகத்துல பாதிகூட இல்ல.

அதுலேர்ந்து தெனம் ஒண்ணு போகுது, கீழேர்ந்து மேல வரிசையா, வேல தெரிஞ்ச கை மாதிரி. இப்ப உச்சிக் குருத்து ஒண்ணுதான் பாக்கி. இங்க செடிக்கு மேல வெறும் ஆகாசம். அங்க நீ தொட்டிய தலமாட்டுல வச்சுக்கிட்டுல்ல தூங்குறே. உச்சியையும் எடுத்துட்டா அந்தக் கை அடுத்து எங்க போகும்னு நெனச்சா எனக்குச் சோறு எறங்கல. தொட்டிய வெளி வராந்தாவுல வை, இலை போனா போகுது, குச்சி நான் எத்தனையோ தருவேன். தலைய நல்லா முடிஞ்சுக்கிட்டுப் படு. ஒரு கொறையும் இல்லாம நீ நல்லா இருக்கணும் தாயி, அப்பாவுக்கு வேற என்ன வேணும்.

இரு, அம்மா வாசல்லேர்ந்து கூப்பிடறா, விடிஞ்சதுலேர்ந்து செடி பக்கத்துலயேதான் முக்காலி போட்டு உக்காந்திருக்கா, யாருமே வரலயாம், கண்ணு முன்னாடியே உச்சிக் குருத்து பட்டுனு ஒடிஞ்சுதாம், பாப்பா நீ மொதல்ல எந்திரிச்சு அந்தத் தொட்டிய