மூன்றாவது சாட்சி

மண்டி மொஹல்லா, மைசூரு
ஜனவரி 4, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஹேமந்துக்கு அம்மா லீலா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன்.

கன்னடத்தில் எழுதினால் ஒரே மூச்சில் படித்துவிட்டு ஓரமாகப் போட்டுவிடுவாய். தமிழ் என்றால் நீ எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டும். அவ்வளவு நேரத்துக்குக் கோபத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க உன்னால் முடியாது, பெற்றவளுக்குத் தெரியும். போனை நீ எடுப்பதில்லை. உன் சிநேகிதன் மதன் நாளைக்குப் புனே திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி, தை எட்டு, வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீசில் எனக்கும் சேகரனுக்கும் கல்யாணம். எழுதிப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. நாற்பத்தெட்டு வயதில் எனக்குக் கல்யாணக் கனவு வருகிறது, ஹேமந்த். அதுவும் பட்டப்பகலில். ஃபேக்டரியில் ஊதுபத்தியை எண்ணிக் கட்டும்போது எண்ணிக்கை தவறிப்போகிறது. பக்கத்து மேசை மாதேவி என் பங்கையும் சரிபார்த்து அடுக்கிவிட்டு, கல்யாணப் பெண்ணே, இறங்கி வா என்று கன்னடத்தில் கேலி செய்கிறாள்.

அவரைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன். உன் அப்பா போன பிறகு அமாவாசை தவறாமல் நான் மாதேஸ்வரன் மலைக்குப் போய் வருவது உனக்குத் தெரியும். அந்த பஸ்ஸில் அவர் கண்டக்டர். கொள்ளேகாலத்துக்காரர். மனைவி இறந்து பல வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. பெண்களுக்கெல்லாம் அரசாங்கம் கொடுக்கும் இலவச டிக்கெட்டைத்தான் எனக்கும் கொடுத்தார். ஆனால் மலைப் பாதையில் எனக்குத் தலைசுற்றும் என்று தெரிந்த நாளிலிருந்து ஜன்னலோர இடம் ஒன்றில் தன் பையை வைத்திருப்பார். நான் ஏறியதும் எடுத்துக்கொள்வார். இரண்டு வருஷம் எங்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு அமாவாசையில் அவரே கேட்டார், நானும் சம்மதித்தேன். கல்யாணம் என்று முடிவான பிறகு, புடவை எடுக்க வேண்டும், உங்களுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டார். நான்கு நாள் யோசித்தேன் என்றால் நம்புவாயா? பத்தொன்பது வயதில் ஹனூரில் எனக்குக் கல்யாணம் நடந்தபோது அரக்குப் புடவை வேண்டும் என்று என் மாமா சொன்னார், எடுத்தார்கள், உடுத்தினேன். உன் அப்பா போட்டிருந்தது அவருடைய அண்ணன் சட்டை. கையை மூன்று மடிப்பு மடித்தும் விரல் நுனிதான் தெரிந்தது. எங்கள் கல்யாணத்துக்கே நாங்கள் இரண்டு பேரும் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தோம். உன் அப்பா நல்ல மனிதர். அவரையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் சொன்னேன், மாம்பழ மஞ்சள் என்று. அப்புறம் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. தலைக்குக் கனகாம்பரம் வேண்டும் என்றேன். மேளம் வேண்டாம் என்றேன். மத்தியானம் நம் வீட்டிலேயே பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு. அவரைக்காய் காலம் அல்லவா, தோல் உரித்த அவரைப் பருப்புக் குழம்பும் களியும் அவருடைய ஆசை. ஒப்பட்டுப் போளி என்னுடைய ஆசை. அன்றைக்கு முழுக்க நான் அடுப்படிப் பக்கம் வரக்கூடாது என்று அவரும் அவருடைய டிரைவர் வேலாயுதமும் முடிவு செய்துவிட்டார்கள். இரண்டு பேரும் போன ஞாயிறு ஒத்திகை பார்த்தார்கள். களி கட்டி தட்டிவிட்டது. நான் கட்டியோடு சேர்த்து விழுங்கினேன்.

பத்திரிகை அடிக்கவில்லை. பன்னிரண்டு அட்டைகளை அவர் கைப்படவே எழுதினார். ஒருபக்கம் கன்னடம், மறுபக்கம் தமிழ், கீழே அந்தந்த ஆளுக்கென்று ஒரு வரி. மாதேவிக்கு, லீலாவைச் சிரிக்க வைத்தவர் என்று எழுதியிருந்தது. அவள் அதைப் படித்துவிட்டு அழுதுவிட்டாள். உன் அட்டையில் மட்டும் அந்த வரி இல்லை. அதை எழுதத் தனக்கு இன்னும் உரிமை வரவில்லை என்றார். அந்த அட்டையை இதோடு வைத்திருக்கிறேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஐப்பசியில் விஷயத்தைச் சொன்னபோது நீ கேட்டாய்: “அப்பாவுக்கப்புறம் உனக்கு நான் போதாதாம்மா?” நீ போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு ஒன்பது ஞாயிறு ஓடிவிட்டது.

நீ எனக்குப் போதும், கண்ணா. உன் அப்பா போனபோது உனக்குப் பதினைந்து வயது. நீ இல்லாவிட்டால் நான் எழுந்து நடந்திருக்க மாட்டேன். ஆனால் நீ ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் பேசுவாய். அதற்கப்புறம் ஆறு நாள் இருக்கிறது. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அது உன் தப்பு இல்லை. பிள்ளை வேலைக்குப் போகத்தான் வேண்டும். உன்னிடம் குறை கண்டு நான் இன்னொருவரைத் தேடவில்லை. எனக்குத் தனியாக இருந்து அலுத்துவிட்டது, அவ்வளவுதான். இதைச் சொல்லப் பதினோரு வருஷம் கூச்சப்பட்டேன், இனிமேல் முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கும் அவருக்கும் தகராறு வந்தது. கூடத்தில் மாட்டியிருக்கும் உன் அப்பா படத்தை எடுத்துப் பெட்டியில் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். மாலையும் கழுத்துமாக அந்த முகத்தின் முன்னால் எப்படி நிற்பது என்று எனக்குக் கூச்சம். நாற்காலி போட்டு ஏறியும் விட்டேன். அந்த நேரம் பார்த்து அவர் வந்தார். என்னை இறங்கச் சொல்லிவிட்டுச் சொன்னார்: “அவரு வூட்டுக்கு நாந்தானுங்க வர்றேன். அவரு எதுக்கு நகரோணும்?” படம் அங்கேயே இருக்கிறது. கல்யாண நாளில் முதல் பூ அதற்குத்தான் என்றும் சொல்லிவிட்டார்.

ரிஜிஸ்டர் ஆபீசில் மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டுமாம். மாதேவி ஒன்று, வேலாயுதம் ஒன்று. மூன்றாவது ஆளாக டிப்போவிலிருந்து யாரையாவது கூப்பிடலாம் என்று இவர் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யாரும் கிடைக்காவிட்டால் எதிரில் டீக்கடை வைத்திருப்பவர் வந்து போட்டுக் கொடுப்பார், தினமும் நடப்பதுதான் என்று அங்கே இருந்த எழுத்தர் சிரித்தார்.

எனவே நீ வராவிட்டாலும் கல்யாணம் நடக்கும். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். உனக்காக நிறுத்தவும் மாட்டேன். ஆனால் என் வாழ்க்கையில் நானாக யோசித்துக் கேட்டு வைத்த ஒரே நாள் இது. புடவை நான் கேட்ட நிறம், பூ நான் கேட்ட பூ. கேட்க முடியாதது ஒன்றுதான் பாக்கி. அதையும் கேட்டுவிடுகிறேன். மகனாக வந்து நிற்க மனம் வராவிட்டால், சாட்சியாகவாவது வா. ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பிடாமல்கூடப் போ. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

பத்தரைக்கு எங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள். நான் உடனே உள்ளே போக மாட்டேன். செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டு கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்பேன்.

புனேயில் குளிர் அதிகம் என்று மதன் சொன்னான். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

என்றும் உன்
அம்மா லீலா