கலவன் பாத்தி

நாள் 212. காலை 8:10. வயல் கூடாரம், செவ்வாய்க் கிரகம்.
வெப்பம் 27. ஈரப்பதம் சரி. நெல் பூக்கும் பருவம். நான்கு பாத்தியிலும் ஒரே உயரம், ஒரே கதிர். இங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டரில் குடியிருப்பு. அங்கே நாற்பத்தாறு பேருக்கும் இந்தச் சோறுதான். பதிவு: திலகவதி, விதை அலுவலர்.

குடியிருப்புத் தலைவர் மரியசூசையின் செய்தி: "திலகா, சோறு மல்லிப்பூ மாதிரி இருக்கும்மா. அஞ்சாவது பாத்தியில இருக்கிற கலப்பு நெல்லை மட்டும் கை வைக்காம விட்டுருங்க."
என் பதில்: "சரிங்க ஐயா, பத்திரமா இருக்கு."

நாள் 219. காலை 6:40.
இலைகளில் கண் வடிவப் புள்ளிகள். குலைநோய். மருந்து தெளித்தேன்.

நாள் 223. பிற்பகல் 1:15.
மருந்து கேட்கவில்லை. கதிர்கள் கழுத்து கறுத்து ஒடிகின்றன. எல்லாப் பாத்தியும் ஒன்றாகவே சாகிறது. சாகாமல் என்ன செய்யும்? எல்லாம் ஒரே செடிதானே.

இதைக் கண்டெடுப்பவருக்கு விளக்குகிறேன். நெல்லில் மகரந்தமும் முட்டையும் உருவாகும்போது குன்றல் பகுப்பு நடக்கும். தாய்வழிக் குரோமோசோமும் தந்தைவழிக் குரோமோசோமும் ஜோடி சேர்ந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு, பிறகு பிரியும். எது எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுகிற கதைதான். அதனால் கலப்பு நெல்லில் ஒரு கதிரின் இரண்டு மணிகள்கூட ஒன்றுபோல் இருக்காது. ஒன்று நோயில் செத்தால் இன்னொன்று தப்பலாம். இந்தக் கலைப்பைத்தான் நான் நிறுத்தினேன். என் ரகத்தில் விதை என்பது தாயின் நகல். அதற்கு எனக்குக் கைதட்டல் வேறு.

நாள் 224. பிற்பகல் 2:30.
தலைவரின் செய்தி: "குலைநோய்னு தெரிஞ்சுது. பயப்படாதீங்கம்மா. சாப்பாட்டுச் சாமான் ஏத்தின விண்கப்பல் ஒண்ணு நம்மளைத் தாண்டிப் போகுது. இங்க இறங்கணுமான்னு நாலு மணிக்குள்ள சொல்லணும். அஞ்சாவது பாத்தி எப்படி? அதுல நாலஞ்சாவது தப்பியிருக்கும்ல? இருந்தா அதையே விதைச்சுச் சமாளிச்சுக்கலாம், கப்பல் வேண்டாம்."

அந்தப் பாத்தி இல்லை. வேரோடு பிடுங்கி உரக்குழியில் போட்டு மூன்று மாதமாகிறது. ஊரில் விதைப் பண்ணையில் பதினாறு வருடம் கலவன் பிடுங்கிய கை இது. நெட்டையாகவோ குட்டையாகவோ வேறு நிறத்திலோ ஒரு பயிர் தனித்து நின்றால் அது கலவன். விட்டுவைத்தால் ஆய்வாளர் ரகத்தையே தள்ளிவிடுவார். ஆய்வாளரே இல்லாத கிரகத்தில் யாருக்காகப் பிடுங்கினேன்? சே!

என் பதில்: "நல்லா இருக்குங்க ஐயா."

2:50.
கேவலமாக இருக்கிறது. மானம் கப்பலேறிவிடுமே என்று இன்னொரு பொய். அங்கே பதினொரு குழந்தைகள். நாலு மணிக்குள் சொல்லிவிடவேண்டும்.

3:41.
அனுப்பிவிட்டேன். பாத்தி இல்லை, பொய் சொன்னேன், கப்பலை இறங்கச் சொல்லுங்கள் என்று.

3:44.
பதில் வந்தது: "உங்க வார்த்தை வந்த கையோட வேண்டாம்னு சொல்லிட்டேனேம்மா. திலகா சொன்னா சரியாத்தான் இருக்கும், எதுக்கு நாலு மணி வரைக்கும்னு... கப்பல் பாதை மாறிடுச்சு. இனி திரும்பாது."

அடுத்த கப்பல் இருபத்தாறு மாதம் கழித்து. கிடங்கில் ஐந்து மாத அரிசி.

3:59.
திட்டவில்லை. ஒரு வார்த்தைகூட. திட்டியிருக்கலாமே ஐயா.

4:20.
இன்னொரு செய்தி: "பிள்ளைங்ககிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

தட்டில் சோறு இருக்கிறது. அவர்கள் சோறு. நான் தொடவில்லை.