விட்ட மீன்

இஞ்சாருங்கோ,

லூயிஷாமில உங்கட அண்ணை வீட்டில சுகமாய் இருப்பியள். கோவத்தில பிரஷர் குளிசையை விட்டிட்டுப் போட்டியள். இதோட அனுப்பியிருக்கிறன்.

மச்சாள் போன் எடுத்தவ. "புருசனை விட மீன் பெரிசோ?" எண்டு கேட்டா. ஓம், அண்டைக்குப் பெரிசுதான் எண்டு சொன்னன்.

மூண்டு விண்டராய் அந்த ஏரிக்கரையில குளிருக்குள்ள நிண்டிருக்கிறன். சின்ன மீன் மாதிரி நானே இறகு கட்டிச் செய்த தூண்டிலில, பைக் எண்டுற அந்த ஏரி மீன் அவ்வளவு பெரிசாய் ஒருநாளும் கொத்தினதில்லை. அண்டைக்குத்தான் ஒண்டு வலைக்குள்ள வந்தது. நீங்கள் அண்ணைக்குப் போன் எடுத்து, "எல்லாரும் சாப்பிட வாங்கோ, குழம்பு வைக்கிறம்" எண்டுறியள். காருக்குள்ள கத்தி கொண்டு வந்ததும் அப்பதான் தெரிஞ்சது. பிடிச்ச மீனைத் திரும்ப விடுறதுதான் அங்கத்தைய முறை எண்டு வழி முழுக்கச் சொல்லிக்கொண்டுதானே வந்தனான்?

மீனைத் தண்ணிக்குள்ள ரெண்டு கையாலயும் ஏந்தி வைச்சிருந்தன். மூச்சு வந்ததும் வாலால ஒரு அடி அடிச்சிட்டுப் போனது. பிறகு வீட்டில, சாப்பிட வந்த ஆக்களுக்கு முன்னால நீங்கள் சொன்ன சொல்லை நான் இதில எழுதமாட்டன்.

உங்கட ஆக்களுக்கு முப்பது வருசமாய் மீன் குழம்பு வைச்சனான். இந்த ஒரு மீன் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் போறன். வலை பிடிக்க ஒரு ஆள் வேணும். வாறதெண்டால் வாங்கோ. காரில கிடக்கிற கத்தியை மட்டும் அண்ணை வீட்டில வைச்சிட்டு வாங்கோ.

இப்படிக்கு,
இன்னும் உங்கட மனிசிதான்