நாற்பத்தொரு செகண்ட்

கிழக்கு தாம்பரம்
13.8.2024

பிரியமுள்ள ஜெரூஷாவுக்கு,

ஸ்தோத்திரம். நீ சுகமா இருப்பேன்னு நம்புறேன். இங்கே நான் சுகமா இல்லை, மூணு நாளா என் சமையலை நானே சாப்பிடுறேன்.

போன் பண்ணினா கட் பண்றே. உங்க அக்கா எடுத்து, "பேசினா அவளுக்கு இழுப்பு வருது தம்பி, எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க"ன்னாங்க. கல்யாணமாகி ஆறு வருஷத்துல கட்டின பொண்டாட்டிக்கு நான் எழுதுற முதல் லெட்டர் இது. நல்ல கூத்து!

சனிக்கிழமை பெருங்களத்தூர் சர்ச்சுல நடந்த ஆஸ்துமா முகாமுக்கு டோக்கன் கொடுக்கப் போனவ, அப்படியே கீழ்க்கட்டளைக்கு அக்கா வீட்டுக்குப் போயிட்டே. அன்னைக்கு எங்க மருந்துக் கம்பெனியில எனக்குப் படப்பை முகாமைப் போட்டுட்டாங்க. வீட்டுக்கு வந்தா பூட்டு. நான் என்னம்மா தப்பு பண்ணினேன்?

படப்பையில ஒரு பெரியவர், பவுடர் கேப்சூலை இன்ஹேலர் மெஷின்ல போட்டு மூச்சோட இழுக்காம ஒரு மாசமா வெந்நீர்ல முழுங்கியிருக்கார். "நெஞ்சுக்கே போக மாட்டேங்குதே, என்னய்யா மருந்து விக்கிறீங்க"ன்னு என்கிட்டயே சண்டை. இன்னொரு அம்மா உள்ளே இழுக்கிறதுக்குப் பதிலா ஊதிட்டாங்க. பவுடர் பூரா என் சட்டையில. உனக்குச் சிரிப்பு வரட்டும்னு எழுதுறேன்.

கேப்சூல் தீர்ந்திருக்கும். ஒரு டப்பி இதோட வச்சிருக்கேன். மெஷினைக் கைக்கெட்டற தூரத்துலயே வச்சுக்கோ.

உன் பென்னி


கீழ்க்கட்டளை
16.8.2024

அன்புள்ள அத்தானுக்கு,

கேப்சூல் வந்தது. சிரிப்பு வரலை.

பெருங்களத்தூர் முகாமுக்கு உங்க ஆபீஸ்லேருந்து எழில்னு ஒரு பொண்ணு வந்தா. நான் உங்க வீட்டுக்காரின்னு அவளுக்குத் தெரியாது. மெஷினை எப்படிப் பிடிக்கணும், எப்படித் திருகணும்னு காட்டறதுக்கு முன்னாடி, பாட்டு வரி போடுற திரையில ஒரு வீடியோ போட்டா. ஒரு பொண்ணு மூச்சுக்குத் தவிக்கிறா. கண்ணை மறைச்சுக் கறுப்புப் பட்டை. ஆனா பச்சை நைட்டியை எனக்குத் தெரியாதா? பின்னாடி நிக்கிற நம்ம ஃபிரிட்ஜைத் தெரியாதா? போகியன்னைக்குக் காலையில, தெருவுல டயர் கொளுத்தின புகையில எனக்கு இழுப்பு வந்ததே, அதுதான்.

பக்கத்துல இருந்த அம்மா, "ஐயோ பாவம், கூட ஒரு ஆள்கூட இல்ல போலிருக்கே"ன்னு கண்ணைத் துடைச்சாங்க. ஆள் இருந்துச்சும்மா, படம் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சுன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லலை. அங்கயும் உங்க மானத்தைத்தான் காப்பாத்தினேன்.

திரைக்குக் கீழே ஓடுற நேரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். நாற்பத்தொண்ணாவது செகண்ட்லதான் ஒரு கை வந்து மெஷினை நீட்டுது. விரல்ல எங்கப்பா போட்ட மோதிரம். உங்க வயித்துக்கு நல்ல சோறுதானே போட்டேன் ஆறு வருஷமா?

உங்களுக்காக நானே வக்காலத்து வாங்கிப் பார்த்தேன். டாக்டர்கிட்ட காட்டறதுக்காக போனை மேஜையில சாய்ச்சு வச்சுட்டு, மெஷினை வச்ச இடம் தெரியாம வீடெல்லாம் தேடியிருப்பீங்க. அப்புறம் அந்த வீடியோ எப்படியோ ஆபீஸ் கைக்குப் போயிருக்கும். அக்காகிட்ட சொன்னேன். "அட போடி"ங்கறா. நான் அப்படித்தான் நம்பணும்னு இருக்கேன்.

"தேடினேன்"னு ஒரு வரி எழுதுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். 25ஆம் தேதி ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் பஸ் ஏறிடறேன்.

ஜெரூஷா


கிழக்கு தாம்பரம்
20.8.2024

பிரியமுள்ள ஜெரூஷாவுக்கு,

உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். தப்புதான், மன்னிச்சுடு. ஆனா முகத்தை மறைச்சிருக்கோம், பேர் போடலை. யாருக்குத் தெரியப்போகுது?

மேனேஜர் ரெண்டு வருஷமா நிஜமான வீடியோ வேணும்னு உயிரை எடுத்தார். நாங்க நடிச்சுக் காட்டினா ஜனங்க சிரிக்கிறாங்க. உன்னோட வீடியோவைப் பார்த்ததும் கூட்டம் கப்சிப். அதுக்கப்புறம் சொல்லிக்கொடுத்தா அப்படியே மனசுல பதியுது. எத்தனை பேர் நெஞ்சுக்கு மருந்து ஒழுங்காப் போய்ச் சேருது தெரியுமா? அந்த ஆசீர்வாதம் உனக்குத்தான்.

இன்னொண்ணு. உன்னை ஆபத்துல விட்டுட்டு அலமாரி அலமாரியா தேடிக்கிட்டு இருந்தேன்னு நீயா கற்பனை பண்ணிப் பயப்படாதே, பைத்தியம்! மெஷின் எங்கேயும் தொலையலை. முதல்லேருந்தே என் இடது கையில இருந்தது. கேப்சூல் போட்டு, திருகி, ரெடியா வச்சிருந்தேன். வலது கையில போன். உதடு நீலமாகுதான்னு கண் இமைக்காம பார்த்துக்கிட்டே இருந்தேன். எத்தனை முகாம் பார்த்தவன், நீ எவ்வளவு தாங்குவேன்னு எனக்குத் தெரியாதா?

ஞாயித்துக்கிழமை வா. வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன்.

உன் பென்னி


கீழ்க்கட்டளை
23.8.2024

திரு. பென்னி அவர்களுக்கு,

அன்னைக்குக் கண்ணு இருட்டி, நீங்க என்ன பண்றீங்கன்னு தெரியாம, பேச்சும் வராம, உங்க பக்கம் பார்த்துக் கண்ணாலயே கெஞ்சினேன். மருந்தைக் கையில வச்சுக்கிட்டு, நான் கெஞ்சறதைப் போன்ல பார்த்துக்கிட்டு, இன்னும் தாங்குவான்னு நின்னிருக்கீங்க. அதுக்கப்புறம் ஏழு மாசம் உங்க பக்கத்துல படுத்துத் தூங்கியிருக்கேன்.

நான் உங்ககிட்ட கேட்டது ஒரு வரி. அது பொய்யா இருந்தாலும் பரவாயில்லைன்னுதான் கேட்டேன். தேடினேன்னு எழுதியிருந்தீங்கன்னா, பொய்யுன்னு தெரிஞ்சே வந்திருப்பேன். தப்புப் பண்ணினவனுக்குத்தான் பொய் சொல்லத் தோணும். உங்களுக்கு அது தப்புன்னே தோணலை. என்னைச் சமாதானப்படுத்தறதா நெனச்சு, சந்தோஷமா எழுதியிருக்கீங்க.

அந்த வீடியோவை அழிக்கச் சொல்லி உங்க ஆபீஸுக்குத் தனியா எழுதிட்டேன். என் துணிமணியை எடுக்க அக்கா வருவா. நீங்க இல்லாத நேரமா வரச் சொல்லியிருக்கேன்.

நேத்து உங்க லெட்டரைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு இழுப்பு வந்துடுச்சு. அக்காவுக்கு மெஷின் பிடிக்கத் தெரியாது. முதல் கேப்சூலைக் கீழே போட்டா. ரெண்டாவதைத் தலைகீழாப் போட்டா. "கர்த்தாவே, கர்த்தாவே"ன்னு கத்திக்கிட்டே, மூக்கு ஒழுக, மூணாவதைப் போட்டு என் வாயில வச்சா. உங்களைவிட ரொம்ப நேரமாயிடுச்சு.

நான் இங்கேயே இருந்துக்கறேன்.

ஜெரூஷா