அந்த நீலக் கோடு

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் தோள்பட்டை வலி தேவலையா? மருந்தை வாங்கி அலமாரியில் வைத்தால் வலி போகாது, தடவ வேண்டும்.

காது போன அக்காவை மேடையேற்றி நாலு பேர் சிரிக்கும்படி வைக்காதே என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். சிரிக்கத்தான் சிரித்தார்கள். முழுசாகப் படியுங்கள்.

காது போனபின் மூன்று வருடம் புல்லாங்குழலைத் தொடாமலே இருந்தவர் உங்கள் அக்கா. நான் செய்த கம்ப்யூட்டர் திரையில் அவர் ஊதும் ஒவ்வொரு சுரமும் ஒரு நிறக் கோடாக எழும். அடியில் மட்டும் நீலக் கோடு ஒன்று அசையாமல் நிற்கும். அதற்கு ஒத்த குழலை எடுத்துக்கொண்டு, கோட்டிலிருந்து எவ்வளவு உயரம் என்று பார்த்தே ஆறு மாதத்தில் சுருதி பிசகாமல் வாசிக்கப் பழகிவிட்டார். அது குழலின் அடிநாதமாக்கும் என்று நானும் எல்லாரிடமும் அளந்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. திரையைப் போட்டால் நீலக் கோட்டைக் காணோம்! அக்கா குழலை இறக்கிவிட்டு என்னையே பார்த்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அரங்கத்தில் ஏசி. அத்தனை நாளும் நான் பார்த்த கோடு நம் வீட்டு ஃபேனின் இரைச்சல்!

ஒப்பனை அறைக்கு ஓடி, அங்கிருந்த ஸ்டாண்டு ஃபேனைத் தூக்கிவந்து மைக் முன்னால் சுழலவிட்டேன். அரங்கமே கொல்லென்று சிரித்தது. கோடு வந்தது, ஆனால் வழக்கத்தைவிட ஒரு படி மேலே. நான் திருதிருவென்று விழிக்கிறேன், உங்கள் அக்கா பதறவே இல்லை. பையிலிருந்து மேல் சுருதிக்கான இன்னும் சிறிய குழலை எடுத்தார், ஒரு தரம் ஊதித் திரையைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு முக்கால் மணி நேரம் ஒரு சுரம் தப்பவில்லை! பின்னால் பெரிய திரையில் நிறங்கள் கொடியாய்ப் படர்ந்தன. சிரித்த கூட்டம் மூச்சுவிடவில்லை. நான் அழுதுவிட்டேன், சொல்வதற்கென்ன.

முடிந்ததும் திரை முழுக்க வெள்ளையாகப் பொங்கியது. மெஷின் கெட்டுப்போச்சா என்று அக்கா கேட்டார். கைதட்டல் என்று எழுதிக் காட்டினேன். எழுந்து நின்ற கூட்டத்தை விட்டுவிட்டு அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காது கேட்காதவரிடம் என்ன பேசுவது என்று இத்தனை நாள் பேசாமலே இருந்துவிட்டீர்கள். எனக்குக் கோபமில்லை. ஒரே ஒரு உபகாரம் செய்யுங்கள். அக்கா என்று ஒரு தரம் கூப்பிட்டு, அந்தக் குரலைப் பதிவுசெய்து அனுப்புங்கள். அது என்ன நிறத்தில் வருகிறதென்று அவர் பார்க்கட்டும்.

கால் தரையில் பாவாத,
உங்கள் மனைவி