நிற்காத ஏழாம் வாய்ப்பாடு

12.8.1986, செவ்வாய்

"ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியாருக்கு எதுக்கு வே கம்ப்யூட்டர்?" என்று டைப்ரைட்டிங் நிலையம் நடத்தும் நண்பர் சண்முகம் முன்பு கேட்டிருந்தார். இன்று அவருடைய கம்ப்யூட்டரில், நானே படித்து, பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய புரோகிராமை ஓட்டினேன். ஏழாம் வாய்ப்பாடு திரையில் ஓடிற்று, நிற்கவே இல்லை.

"என்ன வே, உம்ம வாய்ப்பாடு தென்காசியத் தாண்டிப் போகுதே! நாளைக்கும் இப்படின்னா மிஷின வேற ஆளுக்குக் குடுத்துருவேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து யோசித்ததும் புரிந்தது. வகுப்பில் கரும்பலகையில் மூன்று வரி எழுதி, 'இவ்வாறே' என்று விட்டுவிடுவேன். பதினாறோடு நிறுத்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு யார் சொன்னது? பதினாறோடு நிற்கச் சொல்லும் வரியைச் சேர்த்துவிட்டேன்; நாளை சரியாக ஓடும், சந்தேகமில்லை. இனி எந்தப் புரோகிராம் ஆனாலும், எங்கே நிற்க வேண்டும் என்பதை முதலில் எழுதிப் பார்.